கடைசி எபிசோடில் ஏன் சொதப்புகிறார்கள்?

கேள்வி: எட்டு சீசன் விடாமல் பார்த்த கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவி தொடர் 2019-இல் முடிந்த விதத்தில் வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. பிரேக்கிங் பேட் தொடர் மட்டும் எப்படி நிறைவாக முடிந்தது?

பதில்: அவசரம்தான். முதல் ஆறு சீசனுக்குத் தலா 10 எபிசோடு, கடைசிக்கு வெறும் 6. கேம் ஆஃப் த்ரோன்ஸ் நாயகி டெனேரிஸ் ஊரை எரிப்பாள் என்பதை நம்பலாம், ஊர் சரணடைந்த மணியோசை கேட்டதும் சட்டென்று மாறுவதைத்தான் நம்ப முடியவில்லை.

பதில்: பிரேக்கிங் பேடில் போதைப்பொருள் தயாரிக்கும் நாயகன் வால்டர் கடைசியாக மனைவியைப் பார்க்க வந்து, எல்லாம் எனக்காகத்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறானே, ஐந்து சீசனாகக் குடும்பத்துக்காக என்று சொன்ன பொய் அந்தச் சமையலறையில் உடைகிறது, அது போதும். அப்புறம் வரும் துப்பாக்கிச் சண்டை சும்மா.

பதில்: 2007-இல் சோப்ரானோஸ் தொடரின் முடிவில் திரை திடீரென இருண்டதும் கேபிள் போய்விட்டது என்றே பலர் நினைத்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது, திட்டாதீர்கள்.