மெதேன் குழாயில் அமுக்கம் ஏறுகிறது: கசிவா, வேறு காரணமா?

கேள்வி (நுவரெலியா)
கண்ணாடிக் குழாயில் 1 மில்லிபார் மெதேன் நிரப்பி, வால்வை மூடி, உயர் மின்னழுத்தம் கொடுக்கிறேன். ஒளிர்வு தொடங்கியதும் பிரானி அமுக்கமானி (வாயு வெப்பத்தைக் கடத்துவதை வைத்து அமுக்கம் காட்டும் மானி) ஏறத் தொடங்குகிறது. நிறம் வெளிர்நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிறது; கண்ணாடியில் பழுப்புப் படலம் வேறு. கசிவைத் தடுக்கும் மூட்டு வளையங்களை மாற்றியும் பயனில்லை. மின்னை நிறுத்திவிட்டுத் தொட்டால் குழாய் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. இந்தச் சூட்டில் மெதேன் உடையுமா? கசிவு என்றே நினைக்கிறேன்.

பதில் (பேராதனை)
தம்பி, வளையங்களை விட்டுவிடுங்கள். இங்கே மெதேனை உடைப்பது சூடு அல்ல, வேகமான இலத்திரன். வாயு குளிர்ந்திருக்க, இலத்திரன்கள் மட்டும் சில இலத்திரன்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) சராசரி ஆற்றலோடு ஓடுகின்றன. காபன்–ஐதரசன் பிணைப்புக்கு 4.5 இலத்திரன்வோல்ட் போதும்; ஆனாலும் மோதிப் பிளக்க 8, 9 வரை தேவை. இலேசான இலத்திரனால் கனமான அணுக்களை நேரடியாகத் தள்ள முடியாது. மூலக்கூறைக் கிளர்நிலைக்கு, அதாவது அதன் இலத்திரன்கள் கூடிய ஆற்றலோடு இருக்கும் நிலைக்கு, உயர்த்தியாக வேண்டும். மெதேனின் தாழ்ந்த கிளர்நிலைகள் நிலைத்து நிற்பவை அல்ல, உடனே பிளந்துவிடும். மிக வேகமான சிறுபான்மை இலத்திரன்களே இதைச் செய்கின்றன.

பிளந்த துண்டுகள் சேர்ந்து ஐதரசன், ஈதேன், அசற்றிலீன் ஆகின்றன. சில சுவரில் படலமாக ஒட்டுகின்றன. இரண்டு மெதேன் ஓர் அசற்றிலீனும் மூன்று ஐதரசனுமானால், இரண்டு மூலக்கூறு நான்காகிறது. அமுக்கம் ஏறாமல் என்ன செய்யும்? போதாததற்கு, ஐதரசன் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் பிரானி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

பதில் (ஹட்டன்)
விளக்கம் சரி, ஆனால் கசிவு இல்லை என்று அதற்குள் தீர்ப்பு வேண்டாம். மின்னை நிறுத்தி, குழாய் ஆறியபின் மானியைப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்து ஏறினால் கசிவு, அல்லது சுவரிலிருந்து வரும் ஈரம். உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் திறந்து வைத்த கண்ணாடி நீராவியைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளும். ஒளிர்வின் நிறமாலையையும் பாருங்கள். நீராவி உடைந்தாலும் 656 நனோமீற்றரில் ஐதரசனின் சிவப்புக் கோடு வரும். அது மட்டும் சாட்சியாகாது. 431 அருகே நீலப் பட்டை தெரிகிறதா? அது காபனும் ஐதரசனும் சேர்ந்த துண்டினுடையது. 391இல் ஊதாப் பட்டை வந்தால் நைதரசன், அதாவது வளி புகுகிறது.

நுவரெலியா
நன்றி சேர். நிறுத்தியதும் ஏற்றம் நின்றது. 431 இருக்கிறது, 391 இல்லை. படலத்தை எப்படி எடுப்பது?

பேராதனை
மெதேனை முழுதாக வெளியேற்றிய பின்பு, குறைந்த அமுக்கத்தில் ஒட்சிசன் நிரப்பி இதேபோல் மின்னிறக்கம் (மின் ஒளிர்வு) நடத்துங்கள். படலம் காபன் ஒட்சைட்டுகளாகவும் நீராவியாகவும் போய்விடும். பம்பியின் எண்ணெய் ஒட்சிசனுக்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள். சாதாரண கனிய எண்ணெய் என்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.