1.33 வந்தால் 1 என்று போடலாமா? (11-ஆம் வகுப்பு வேதியியல்)

கொருக்குப்பேட்டை அக்கா:
வணக்கம். என் தம்பி 11-ஆம் வகுப்பு, தமிழ் வழி. நான் பி.காம்., வேதியியல் பத்தாவதோடு சரி. ஆனாலும் சாயங்காலம் அவனை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்வது நான்தான். கார்பன் 40.92%, ஹைட்ரஜன் 4.58%, ஆக்சிஜன் 54.50%, மோலார் நிறை 176. மூலக்கூறு வாய்பாடு (ஒரு மூலக்கூறில் எந்த அணு எத்தனை) என்ன என்று ஒரு கணக்கு. அணு நிறையால் வகுத்தால் 3.407, 4.544, 3.406. இதில் சிறியதால் வகுத்தால் 1 : 1.33 : 1. கைடில் உடனே "மூன்றால் பெருக்குக" என்று இருக்கிறது, காரணம் இல்லை. முந்தின கணக்கில் 1.02 வந்தபோது 1 என்று எடுத்துக்கொண்டார்கள். "அதை விடலாம், இதை விடக்கூடாது என்றால் கோடு எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறான்.

மணலி லேப் (ஓய்வு):
நல்ல கேள்விம்மா, தம்பியை இப்படியே கேட்கச் சொல்லுங்கள். மணலியில் ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான்.

இந்தச் சதவீதம் எல்லாம் ஆய்வகத்தில் அளந்து வருவது. பொருளை ஆக்சிஜனில் எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் பிடித்து எடை பார்ப்பார்கள். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1831-இல் இதற்காகவே ஐந்து கண்ணாடிக் குமிழ்கள் கொண்ட கருவி செய்தார். உள்ளே இருக்கும் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். கருவியின் எடை எவ்வளவு கூடியது என்று பார்த்தால் கார்பன் தெரிந்துவிடும். ஆக்சிஜனைப் பெரும்பாலும் அளப்பதே இல்லை, நூறிலிருந்து மற்றதைக் கழிப்பதுதான். மற்ற அளவைகளின் பிழையெல்லாம் அதன் தலையில்தான் விழும். அதனால் 1.02 வருவது சகஜம்.

1.33 அப்படி வருமா? திருப்பிப் போட்டுப் பாருங்கள். 1 : 1 : 1 என்றால் நிறை 29.02, அதில் ஹைட்ரஜன் 3.47%. கணக்கில் இருப்பதோ 4.58%. ஆய்விதழ்கள் பொதுவாக 0.4% வரைதான் வித்தியாசத்தை ஏற்கும்; இது ஒரு சதவீதத்தையே தாண்டுகிறது. 1.33-ஐ மூன்றால் பெருக்கினால் 4; அப்படி 3 : 4 : 3 போட்டால் 40.91, 4.58, 54.51. அப்படியே பொருந்துகிறது. திருப்பிப் போட்டு வரும் சதவீதம் அளந்ததோடு ஒத்துப்போகிறதா என்பதில்தான் கோடு இருக்கிறது. நிறை 88.06, 176-ஐ வகுத்தால் 2. ஆக கார்பன் 6, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 6. எலுமிச்சம்பழத்தில் இருக்கும் வைட்டமின் சி!

வியாசர்பாடி டீச்சர்:
ஐயா சொன்னது சரி. மோலார் நிறையையும் பிள்ளைகள் லேசாக நினைக்கக்கூடாது. கார்பன் 40.0, ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3 என்று கொடுத்தால் அது ஃபார்மால்டிஹைடாக இருக்கலாம், அசிட்டிக் அமிலமாக இருக்கலாம், குளுக்கோஸாகவும் இருக்கலாம். 30, 60, 180 என்று நிறை தெரிந்தால்தான் பிரிக்க முடியும். நிறை மட்டும் தெரிந்தாலும் போதாது, யூரியாவுக்கும் 60தான். அதையே தம்பிக்குக் கொடுங்கள்: கார்பன் 20.00, ஹைட்ரஜன் 6.71, நைட்ரஜன் 46.65, ஆக்சிஜன் 26.64.

கொருக்குப்பேட்டை அக்கா:
போட்டுவிட்டான் டீச்சர். 1 : 4 : 2 : 1. மோலார் நிறை 60-ஐ இந்த விகிதத்தின் நிறையால் வகுத்தாலும் 1தான் வருகிறது, அப்போது எளிய விகித வாய்பாடும் மூலக்கூறு வாய்பாடும் ஒன்றேதானா? மணலி பக்கம் லாரியில் போகும் யூரியா மூட்டையில் 46% நைட்ரஜன் என்று பார்த்திருக்கிறானாம், அது இதுதானா என்றும் கேட்கிறான்.

மணலி லேப் (ஓய்வு):
ஒன்றேதான். மூட்டையில் இருப்பதும் இதே எண்தான். உரத்தில் கொஞ்சம் ஈரமும் பையூரெட்டும் (யூரியா தயாரிக்கும்போது சேர்ந்து உண்டாகும் பொருள்) கலந்திருக்கும், பையூரெட்டில் நைட்ரஜன் சுமார் 41%தான். அதனால் தூய யூரியாவின் 46.65 அங்கே 46 ஆகிறது.

அப்புறம், நடுவில் எண்ணைச் சுருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கணக்கில் 3.407-ஐ 3 என்றும் 4.544-ஐ 5 என்றும் எடுத்தால் 3 : 5 : 3 ஆகிவிடும். நிறை 89, 176-ஐ வகுத்தால் 1.98. அது 2 போலவே தோன்றும், பிள்ளையும் சந்தேகமே இல்லாமல் ஹைட்ரஜன் 10 என்று எழுதிவிடுவான்.