இரவு லென்ஸும் எங்கள் மகளின் கிட்டப்பார்வையும்

ஒவ்வொரு பரிசோதனையிலும் மகளுடைய கண்ணாடியின் பவர் கூடிக்கொண்டே போனதால், கண் மருத்துவரின் யோசனைப்படி ஆர்த்தோகெரட்டாலஜி எனப்படும் இரவு லென்ஸைத் தொடங்கினோம். இதே முடிவை எடுக்கவிருக்கும் பெற்றோருக்காக எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

உறங்கும்போது அணியும் இந்தக் கடினமான லென்ஸ், ஆக்சிஜனை ஊடுருவவிடும் பொருளால் ஆனது. அது கருவிழியின் (கார்னியாவின்) மேலடுக்கை நடுவில் மெலியவும் சுற்றிலும் சற்றுத் தடிக்கவும் செய்வதால், காலையில் கழற்றிய பின் பகல் முழுவதும் கண்ணாடியில்லாமலே பார்வை தெளிவாக இருக்கிறது. தொடக்கத்தில் உறுத்தல் இருந்தது. மாலையில் எழுத்துகள் மங்குவதாகவும் சொன்னாள். இரண்டும் விரைவிலேயே சரியாகிவிட்டன.

ஆனால், பகலில் நன்றாகத் தெரிகிறது என்பதாலேயே கிட்டப்பார்வை கட்டுப்பட்டுவிட்டதாகக் கொள்ள முடியாது. குழந்தைகளுக்குப் பவர் கூடுவதற்கு முதன்மைக் காரணம் கண்கோளம் பின்னோக்கி நீள்வதுதான். 1 மில்லிமீட்டர் நீண்டால் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) வரை கூடும். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே மாற்றிவிடுவதால், வழக்கமான பவர் பரிசோதனையில் இந்த நீட்சி வெளிப்படாது. ஆகவே, தொடங்கும் முன்பே கண்ணின் அச்சு நீளத்தை, அதாவது முன்னிருந்து பின்வரையுள்ள நீளத்தை, அளந்து வைத்துக்கொண்டு, பிறகு குறித்த இடைவெளிகளில் ஒப்பிட்டுப் பார்ப்பது மிக முக்கியம் என்று கருதுகிறேன். 2012இல் வெளியான ஹாங்காங் ஆய்வொன்றில், இரண்டு ஆண்டுகளில் ஏற்பட்ட நீட்சி, கண்ணாடி அணிந்த குழந்தைகளைவிட இந்த லென்ஸ் அணிந்தவர்களுக்கு 43 சதவீதம் குறைவாக இருந்தது. நீட்சி குறையுமே தவிர, முற்றிலும் நின்றுவிடாது. ஏற்கெனவே நீண்ட கண் பழைய அளவுக்குத் திரும்பவும் செய்யாது.

எங்களை மிகவும் கவலைப்படுத்தியது கிருமித்தொற்று. அது அரிதாகவே வரும் என்றாலும், கருவிழியில் புண் ஏற்பட்டுத் தழும்பாகிவிட்டால் பார்வையே குறைந்துவிடக்கூடும். குழாய் நீரில் வாழும் அக்காந்தமீபா போன்ற நுண்ணுயிரிகள் இதில் கொடியவை என்பதால், லென்ஸிலும் அதன் பெட்டியிலும் சொட்டுத் தண்ணீர்கூடப் படவிடுவதில்லை. கையைச் சோப்பால் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே லென்ஸைத் தொடுகிறோம். காய்ச்சலோ சளியோ இருந்தால் அன்றிரவு லென்ஸ் கிடையாது. ஒருநாள் காலையில் அவளுடைய கண் சிவந்து, வெளிச்சம் பார்க்கக் கூசியபோது, உடனே லென்ஸை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டினோம். நல்லவேளையாக அது சிறு சிராய்ப்புதான்; ஆறும்வரை பழைய கண்ணாடியை அணிந்தாள்.

இரவுதோறும் இவ்வளவு ஒழுங்கைக் கடைப்பிடிக்க இயலாத வீடுகளுக்கு, குறைந்த செறிவுள்ள அட்ரோபின் சொட்டு மருந்தோ கிட்டப்பார்வை கூடுவதைக் குறைப்பதற்கென வடிவமைத்த கண்ணாடிகளோ பொருத்தமாக இருக்கலாம். இளம் வயதில் இடையிலேயே நிறுத்தினால் நீட்சி மீண்டும் வேகமெடுக்க வாய்ப்புண்டு என்பதால், எந்த வயதுவரை தொடர வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும் என்பதையும் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.