குளிரே இல்லாத ஊரில் ‘குளிர்கால வருகையாளர்’

வணக்கம்.

குளிர் மாதங்களில் மட்டும் வந்து தங்கிப்போகும் பறவையை ஆங்கிலத்தில் ‘வின்ரர் விசிற்றர்’ என்பார்கள். நம் சொல் அட்டவணையில் அதற்குத் தமிழில் என்ன போடலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த சொற்கள் மூன்று: குளிர்கால வருகையாளர், புலம்பெயர் பறவை, பருவ விருந்தாளி. மூன்றோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

ஆறுமணிக்குருவியையே எடுப்போம். ஒக்டோபர் வந்தால் கொழும்புக்குப் பக்கத்தில் தெகிவளையில் எங்கள் வீட்டுப் பின்வளவில், பலா மரத்தடிச் சருகுக்குள் ஒன்று கிளறிக்கொண்டு நிற்கும். விடிய ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். பெயர் வந்தது அதனால்தான். (சிங்களத்தில் அவிச்சியா. அதுவும் அந்தக் கூவல்தான்.) உடம்பு 19 செ.மீ., வாலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் தென்மேல் பருவமழையோடு குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து இவ்வளவு தூரம் வருகிறது. வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய் வீட்டுக்குள் விழுந்து கிடப்பதும் உண்டு.

அங்கே குளிர்ந்து மண் காய, புழு பூச்சி குறைகிறது. குருவி புறப்படுகிறது. ஆனால் இங்கே? கொழும்பில் டிசம்பரிலும் மின்விசிறி நிற்பதில்லை. சரி, புறப்பட்ட இடத்துக் குளிரைத்தான் சொல்கிறோம் என்று வைத்தாலும் சிக்கல் தீராது. வில்சன் ஸ்ரோர்ம் பெட்ரல் என்ற சிறு கடற்பறவை அந்தாட்டிக்காக் கரைகளில் குஞ்சு பொரிக்கும். அங்கே குளிர் தொடங்க நம் கடல் பக்கம் வரும். அதுவும் குளிருக்குத் தப்பி வருவதுதான், ஆனால் வருவது நமக்கு மே மாதம் பிறந்த பிறகு. இரண்டுக்கும் ‘குளிர்கால’ என்று போட்டால் படிக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும்?

‘புலம்பெயர்’ வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டால் எனக்கு ரொறன்ரோ சித்தப்பாதான் ஞாபகம் வருவார். ‘இடம்பெயர்’ என்றால் முகாம். போய்ப் போய்த் திரும்பி வருகிற குருவிக்கு வலசை என்ற பழைய சொல் கையிலேயே இருக்கிறது.

‘பருவ விருந்தாளி’ என்ற சொல்லைத் தந்த அக்காவோடு வாதாட விருப்பமில்லை. ஆனாலும் விருந்தும் மருந்தும் மூன்று நாள் அல்லவா? ஏப்ரல் வரைக்கும், ஆண்டில் பாதி தங்குகிறவரை விருந்தாளி என்றால் எப்படி அக்கா?

எனக்கு முதலில் தோன்றியது ‘வாடைவரவு’. வடக்கிலிருந்து காற்று திரும்பும் காலத்தில் வருகிற பறவை. கடலுக்குப் போகிற சனம் இன்றைக்கும் வாடை (வடகாற்று), சோளகம் (தென்மேல் காற்று) என்றுதான் காலத்தைக் கதைக்கிறது. வீட்டில் சொல்லிப் பார்த்தேன். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மீன் வாடையாம்! நியாயம்தான். அதனால் ‘காலம்’ சேர்த்தேன்: வாடைக்கால வலசை. பெட்ரலுக்குச் சோளகக்கால வலசை. எந்த மாதம், எந்தப் பக்கத்திலிருந்து என்ற இரண்டும் காற்றின் பெயரிலேயே வந்துவிடுகின்றன.

ஊர்ச்சொல் விஞ்ஞானத்துக்குச் சரிவராது என்று இங்கே அண்ணா ஒருவர் எழுதியிருந்தார். ஆறுமணிக்குருவியை 1766இல், உயிர்களுக்கு விஞ்ஞானப் பெயர் வைத்த லின்னேயஸ் காக்கை இனத்தில் சேர்த்துவைத்திருந்தார்; அப்புறம் அதற்கு நிலைத்த ‘பிட்டா’ என்ற விஞ்ஞானப் பெயர் தெலுங்கில் வெறும் ‘சிறு பறவை’. தெலுங்குக்காரரின் ஊர்ச்சொல் போன இடத்துக்குச் சோளகம் போகாதா?

ஒரு வேண்டுகோள்: அவசரத்தில் சுருக்கி ‘வாடை வலசை’ என்று மட்டும் அட்டவணையில் ஏற்றிவிடாதீர்கள். மறுபடி மணக்கத் தொடங்கிவிடும்.