மறு: மொட்டு மேலே இல்லாத கட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புடையீர், வணக்கம்.

லெகோ கட்டை விளையாட்டுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையை ஒரு வாரமாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் வந்த மடலில் இந்த வரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை:

> ஸ்னாட் = மேற்குமிழிலாக் கட்டுமுறை. பொருள் துல்லியமாக வருகிறது. ஏற்கலாமா?

பொருள் வருகிறது ஐயா, வாயில்தான் வரவில்லை. கீழக்கரையில் என் வீட்டு முன்கூடத்தில் பதினோரு வயது மகளும் நானும் நான்கு மாதமாக ஒரு கொள்ளையர் கப்பல் கட்டினோம். லெகோ கட்டைகளில்தான். நாளுக்குப் பத்துத் தடவையாவது இந்த வேலையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. "வாப்பா, இந்த இடத்துக்கு மேற்குமிழிலாக் கட்டுமுறை போடலாமா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் கையில் இருக்கும் கட்டை நழுவிக் கட்டிலுக்கு அடியில் போயிருக்கும்.

இழைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டைகளின் தலையில் குட்டிக் குட்டியாக உருண்டைப் புடைப்புகள் இருக்கும். அடியில் குழல்கள். ஒன்றின் புடைப்பு இன்னொன்றின் அடியில் போய் இறுக்கிக்கொள்ளும். டென்மார்க்கில் பில்லுண்டு என்ற ஊர்க் கம்பெனி 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு மனுப் போட்டது இந்த ஏற்பாட்டுக்குத்தான். புடைப்பு எப்போதும் வானத்தைப் பார்த்தே இருக்கும் என்றால் கட்டையை மேலே மேலே அடுக்கலாம், அவ்வளவுதான். வீடு கட்டப் போதும், கோட்டை கட்டப் போதும். கப்பலுக்குப் போதாது. கப்பலின் வயிறு நடுவில் உப்பி, முன்னால் போகப் போக ஒடுங்கி, மூக்கில் வந்து கூட வேண்டும். அதை நேராக அடுக்கிக் கட்டினால் கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி வருகிறது. எங்கள் முதல் கப்பல் அப்படித்தான் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துவிட்டு "இது தெப்பமா?" என்று கேட்டான்.

ஆகவே கட்டையைத் திருப்பி, புடைப்பு பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி மாட்டுகிறார்கள். அப்போது வழவழப்பான முகமும் சாய்வும் வெளியே வருகின்றன. இதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்டட்ஸ் நாட் ஆன் டாப்' என்ற நாலு சொல்லின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஸ்னாட் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த மொழியில் அதற்கு மூக்குச்சளி என்றும் பொருள். தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள், ஒரு விளையாட்டுப் புத்தி. நாம் அந்த விளையாட்டை விட்டுவிட்டு 'மேலே குமிழ் இல்லாத' என்ற எதிர்மறையை மட்டும் மூட்டை கட்டிக் கொண்டுவருகிறோம். இல்லாததைச் சொல்லி ஏன் பெயர் வைக்க வேண்டும்? இருப்பது என்ன, கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாமே.

முதலில் குமிழ். இங்கே பலரும் அந்தப் புடைப்பைக் குமிழ் என்கிறீர்கள், ஒருவர் முளை என்றார். முளை தச்சர் சொல், நல்ல சொல், ஆனால் அது ஒரு துளைக்குள் அடித்து இறக்குவது. குமிழைக் கேட்டால் எனக்கு ரேடியோவில் திருகுகிற குமிழ்தான் ஞாபகம் வருகிறது. என் மகள் யாரிடமும் கேட்காமல் முதல் நாளே மொட்டு என்று சொல்லிவிட்டாள். "எட்டு மொட்டுக் கட்டை எடு", "ரெண்டு மொட்டுத் தள்ளி வை." கட்டையின் மூன்றில் ஒரு பங்கு கனம் உள்ள சப்பைத் துண்டு, தட்டு. மேலே மொட்டே இல்லாமல் வழவழவென்று ஒரு தட்டு வருமே, கப்பலின் மேல்தளத்துக்குப் போடுவது, அதற்கு அவள் வைத்த பெயர் மொட்டை. மொட்டு இருந்தால் தட்டு, இல்லாவிட்டால் மொட்டை. சொல்லாக்கக் குழு கூடி ஆறு மாதம் யோசித்தாலும் இது கிடைக்காது என்று நினைக்கிறேன். ஒரு கட்டை இன்னொன்றை இறுக்கிக்கொள்ளும் திறனுக்கு இங்கே 'கவ்வுவிசை', 'பற்றுதிறன்' என்றெல்லாம் வந்தது. எங்கள் வீட்டில் அது பிடி. பழைய கட்டை என்றால் "இதுல பிடி இல்ல வாப்பா". முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாட்டில் திருப்பினால் அளவு பொருந்துமா என்பதுதான் இந்த வேலையின் உயிர். மொட்டுக்கு மொட்டு 8 மில்லிமீட்டர். தட்டின் கனம் 3.2. மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு கட்டையின் உயரம், 9.6. எட்டும் ஒன்பதே முக்காலுக்குக் கிட்டத்தில் ஒன்றும் எங்கே போய்ப் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் ஐந்து தட்டை அடுக்கினால் 16. இரண்டு மொட்டு அகலமும் 16. ஆக, ஐந்து தட்டுக் கனமுள்ள துண்டைத் திருப்பிவைத்தால் இரண்டு மொட்டு இடத்தில் இம்மி பிசகாமல் உட்காரும். "அஞ்சு தட்டு ரெண்டு மொட்டு" என்று மகள் வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு இது புரியப் பத்து நாள் ஆனது. அதற்கு முன் கணக்குப் பார்க்காமல் நாலு தட்டு வைத்து அழுத்தி மாட்டியதில், கப்பலைத் தூக்கிய நேரத்தில் முன்பக்கம் முழுக்க வெடித்துச் சிதறியது. வாசற்படி வரை துண்டுகள். இரண்டு பேரும் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினோம். தப்பு முழுக்க என்னுடையது. மகள் அதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறாள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஓடாவி. இந்தச் சொல் தெரியாதவர்களுக்கு: மரப்படகும் வத்தையும் கட்டும் தச்சருக்கு இந்தக் கரையில் ஓடாவி என்று பெயர். இப்போது மர வேலை குறைந்துபோய் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் ஏதோ கேட்க வந்தவர் கப்பலைப் பார்த்து அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். முதலில் அடியைத் தடவிப் பார்த்தார். "ஏரா இருக்கு." பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். நாங்கள் நடுவில் குறுக்குச் சட்டங்கள் மாதிரி வைத்து அதன்மேல் பக்கச் சுவரை மாட்டியிருந்தோம். "வங்கும் வச்சிருக்க. வங்கு வச்சுட்டுத்தான் பலகை அறையணும், சரிதான்." கடைசியில் முன்பக்கத்து வளைவில் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்திக் கேட்டார்:

"என்ன தாயி, இங்கன மட்டும் எல்லாத்தையும் ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்க?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஸ்னாட் போய்விட்டது. "இத ஒருக்களிச்சுப் போடு", "இது ஒருக்களிப்புல நிக்குது, இழுக்காத."

என் முன்மொழிவு இதுதான்: ஒருக்களிப்பு. முழுப் பெயர் வேண்டுமானால் ஒருக்களிப்புக் கட்டு. பக்கவாட்டில் மொட்டு உள்ள கட்டை, ஒருக்களிக் கட்டை. ஒருக்களித்துப் படுப்பது என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். விலாப்பக்கம் கீழே, முகம் பக்கவாட்டில். கட்டைக்கும் அதே நிலைதான்.

கப்பல் உறுப்புகளுக்கும் இழையில் புதுச்சொல் செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அடிமரத்துக்கு ஏரா, விலாச்சட்டத்துக்கு வங்கு, மூக்குக்கு அணியம், பாய் கட்டும் குறுக்குமரத்துக்குப் பருமல், திருப்புவதற்குச் சுக்கான். எல்லாம் இருக்கின்றன. 'முதுகெலும்புச் சட்டகம்' எதற்கு?

அயற்சொல் கலந்துவிடும் என்று கவலைப்படுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1538இல் மண்டபத்துக்கு இந்தப் பக்கம் வேதாளைக் கரையில் போர்த்துகீசியர், கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் கப்பல் படையை முறியடித்தார்கள். அடித்தவர்கள் மொழியிலிருந்து சாவி வந்தது, அலமாரி வந்தது, ஜன்னலும் மேசையும் வந்தன. யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தச் சண்டையை மகளிடம் சொன்னபோது, சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான மரக்காயர்களைப் போர்த்துகீசியர் கடற்கொள்ளையர் என்று எழுதிவைத்ததையும் சொன்னேன். "அப்ப நம்ம கப்பல்ல இருக்கிறவங்க யாரு?" என்றாள். மறுநாள் பார்த்தால் பாய்மரத்து உச்சியில் மண்டையோட்டுக் கொடி இல்லை, பச்சைத் துணி ஒன்று பறந்தது. அதனால் இந்தக் கலைச்சொல் பட்டியலில் 'கொள்ளையர் கப்பல்' என்று எழுதும்போது எனக்கே கொஞ்சம் கை தயங்குகிறது. அது வேறு இழையில் பேச வேண்டியது.

இன்னொன்று, சும்மா. 1989இல் லெகோ முதன்முதலில் கொள்ளையர் வரிசையை வெளியிட்டபோது வந்த பெரிய கப்பலின் பெயர் பிளாக் சீஸ் பாரகுடா. பாரகுடா என்றால் வேறொன்றுமில்லை, நம் சீலா மீன். பாம்பனில் கூடையில் வைத்து விற்கிறார்கள். அந்தக் கப்பலின் அடிப்பாகம் பெரிய பெரிய வார்ப்புத் துண்டுகளாகவே வந்துவிடும், மாட்டினால் போதும். ஒருக்களிக்க வேண்டிய தேவையே இல்லை. எங்கள் கப்பலில் அப்படி ஒரு துண்டுகூடக் கிடையாது என்பதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
கீழக்கரையிலிருந்து

----

மறு: மறு: மொட்டு மேலே இல்லாத கட்டுக்கு…

தம்பிக்கு, வணக்கம்.

'மேற்குமிழிலாக் கட்டுமுறை' முன்மொழிந்த குற்றவாளி நான்தான். மொட்டு, மொட்டை இரண்டையும் மறுபேச்சில்லாமல் ஏற்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளிடம் நேற்றே சொல்லிப் பார்த்தேன், ஒரே சிரிப்பு. இனி மறக்கமாட்டார்கள்.

ஒருக்களிப்பில் எனக்கு மூன்று தடை. முதலாவது இலக்கணம். ஒருக்களித்தல் தன்வினை. ஆள் ஒருக்களிப்பான், கட்டையை எப்படி ஒருக்களிப்பீர்கள்? இரண்டாவது, உங்கள் கரையிலேயே படகைக் கரையேற்றிச் சாய்த்துப்போட்டு அடியைச் சுரண்டுவார்களே, பழைய கொள்ளையர்களும் கப்பலை அப்படித்தான் சாய்த்துச் சுத்தம் செய்தார்கள். 'ஒருக்களித்த கப்பல்' என்றால் எது என்று தெரியாமல் போகும். மூன்றாவதுதான் பெரியது. ஸ்னாட் என்பது பக்கவாட்டுக்கு மட்டும் இல்லை. மொட்டு கீழே பார்க்கத் தலைகீழாக மாட்டினாலும் அதே பெயர்தான். உங்கள் சொல் பாதியைத்தான் பிடிக்கிறது. நீளமாக இருந்தாலும் என்னுடையது முழுவதையும் பிடித்தது.

மதுரையிலிருந்து

----

மறு: மறு: மறு: மொட்டு மேலே…

ஐயாவுக்கு,

முதல் தடைக்கு: ஒருக்களித்து வை, ஒருக்களித்துப் போடு என்று துணைவினை சேர்த்தால் சரியாகிவிடும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைக்கிறோம் இல்லையா? இரண்டாவதை ஓடாவியிடமே கேட்டேன். படகைச் சாய்ப்பதை அவர் 'சரிச்சுப் போடுறது' என்கிறார். "ஒருக்களிக்கிறது ஆளு, சரியிறது வத்தை" என்றார். குழப்பம் வராது.

மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. சாப்பிடும்போது உங்கள் மடலைப் படித்துக் காட்டினேன். மகள் தட்டிலிருந்து நிமிராமலே சொன்னாள்: "தலைகீழா இருந்தா குப்புற."

நான் சோற்றில் கை வைத்தபடியே இருந்துவிட்டேன். மொட்டு மேலே என்றால் மல்லாக்க. பக்கவாட்டில் ஒருக்களித்து. கீழே என்றால் குப்புற. மூன்றும் பாயில் படுத்தவுடனே எல்லாருக்கும் தெரிந்தவை. ஆங்கிலத்தில் பின்னிரண்டையும் ஒரே மூட்டையில் போட்டுவிட்டார்கள் என்பதற்காக நாமும் போட வேண்டுமா? கட்டும்போது இரண்டும் வேறு வேறு வேலை. கப்பலின் அடியில் ஏராவுக்குக் கீழ்ப்பக்கத்தை மூட எங்களுக்குக் குப்புறக் கட்டு தேவைப்பட்டது, அணியத்து வளைவுக்கு ஒருக்களிப்பு. இரண்டையும் ஒரே பெயரால் சொல்லியிருந்தால் அவள் தப்பான துண்டை எடுத்துக் கொடுத்திருப்பாள்.

எட்டு மொட்டுக் கட்டை ஆறு கொடுத்தால், ஒரே நிறமாக இருந்தாலும், 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணித அறிஞர்கள் கண்டுசொன்னார்கள். அத்தனையும் மல்லாக்க மட்டும் வைத்து.

ஆகவே பட்டியலில் மல்லாக்கக் கட்டு, ஒருக்களிப்புக் கட்டு, குப்புறக் கட்டு என்று மூன்று வரியாகச் சேர்த்துவிடலாமா? அடியில் இருக்கும் குழலுக்கு யாரோ 'உட்துளைத் தண்டு' என்று போட்டிருக்கிறார்கள். அதைக் குழல் என்றே விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

கீழக்கரையிலிருந்து