ஏலகிரி இறங்கினால் பிரேக் பெடல் அமுங்குகிறது, வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மலையடிவாரப் பொன்னேரிக்கு வந்தால், அப்பாவின் காரில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இறங்குவது இரண்டாவது கியரில்தான். கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டால் பழையபடி கெட்டியாகிவிடும். வேலூருக்குள் ஓட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஒழுகலும் இல்லை.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தத்தை, சக்கரத்தில் பிரேக் பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனுக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். திரவம் அமுங்காது, அதனால்தான் பேடு டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிறது. ஆனால் அந்த ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 தரத்துப் புது ஆயில் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி வேண்டும். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். மலை இறக்கத்துச் சூட்டில் ஆவிக்குமிழி வந்தால், நாம் மிதிப்பதெல்லாம் குமிழியை அமுக்கவே போய்விடும். இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

மெக்கானிக்கோ மாஸ்டர் சிலிண்டரையே மாற்றச் சொல்கிறார். அது கெட்டிருந்தால் ஆறியதும் எப்படிச் சரியாகும்? முதலில் ஆயிலை முழுசாக மாற்றி, ஏர் எடுத்து (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி) பார்க்கலாமா? அப்புறம், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் ஆயிலின் ஈரத்தை மீட்டர் வைத்துப் பார்க்கும் ஒர்க்‌ஷாப் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அதுவரை வண்டியை மலைக்கு எடுக்கப் போவதில்லை.