ஊருணிக்காக ஒரு நாள் உண்ணாவிரதம்: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கம் எங்கள் ஊர் ஊருணியில் வீடு இடித்த கழிவைக் கொட்டி மூடிக்கொண்டே வருகிறார்கள். படித்துறை முழுக்க உடைந்த ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான் கிடக்கின்றன. பார்க்கவே வயிறு எரிகிறது.

இதைக் கண்டித்து ஒரு நாள் அமைதியாக உண்ணாவிரதம் இருக்கலாம் என்று காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம். மனுவின் ஓரத்தில் பென்சிலால் 'அனுமதி இல்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்து இல்லை, தேதி இல்லை, காரணமும் இல்லை. கேட்டால், "30(2) அமலில் இருக்கு" என்கிறார்கள்.

அது 1861-ஆம் வருடத்துக் காவல் சட்டப் பிரிவு. எனக்குப் புரிந்தவரை, அது உரிமம் கேட்டு விண்ணப்பிக்கத்தான் சொல்கிறது. கூடவே கூடாது என்று சொல்லவில்லை. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவே தருகிறது. இந்தியா 1979-இல் சேர்ந்த குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையிலும் 21-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. முன்தகவல் கேட்கும் முறை அனுமதி வாங்கும் முறையாக மாறிவிடக் கூடாது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2020-இல் விளக்கமும் தந்திருக்கிறது. இதையெல்லாம் நிலையத்து வாசலில் வாயால் பேசிப் பயனில்லை.

எழுத்துப்பூர்வமாகக் காரணம் கேட்டு மாவட்டக் கண்காணிப்பாளருக்கு மேல்மனு எழுத மாதிரி வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள். இதுபோன்ற மறுப்பை மதுரை உயர்நீதிமன்றக் கிளை ரத்து செய்த உத்தரவு இருந்தால் வழக்கு எண்ணாவது போடுங்கள். அப்புறம், கட்டணம் வாங்காமல் ரிட் மனு போட்டுத் தரக்கூடிய வழக்கறிஞர் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் கொட்டுவதை நிறுத்தியாக வேண்டும்.